செவ்வண்டிகளின் பாதை: ஒரு செய்தியும் அதன் இஸ்னாதும்

சில மாதங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் பேராசையைப் பற்றிப் பேச நேர்ந்தபோது நாம் ஓர் உதாரணம் கூறினோம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மிகப் பெரிய மின்சார இரயில் அமைப்பொன்று இருந்தது. மோட்டார்க் கம்பெனியும் டயர்க் கம்பெனியும் எண்ணெய்க் கம்பெனியும் கூடிச் சதி செய்து அதனை விலைக்கு வாங்கின. தண்டவாளங்களைப் பெயர்த்தெறிந்துவிட்டு மக்களைப் பேருந்திலும் காரிலும் ஏற்றின. இதுவே நாம் சொன்னது. கூட்டம் தலையசைத்தது. நமக்கும் நிறைவாகவே இருந்தது.

மறுநாள் மத்ரஸாவில் உஸூலுல் ஹதீஸ் பாடம். அறிவிப்பாளர் வரிசையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, "ஹஜ்ரத், நேற்று தாங்கள் சொன்ன அந்த இரயில் செய்திக்கு இஸ்னாத் என்ன?" என்றார். அவர் குறும்பாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். நம்மிடம் விடை இல்லை. யாரோ சொல்லக் கேட்டதை, அவர் எங்கே பெற்றார் என்று விசாரியாமல், மேடையேற்றியிருந்தோம். அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

அவ்விரயிலின் பெயர் பசிபிக் எலெக்ட்ரிக். செந்நிறம் பூசிய வண்டிகள் ஓடியதால் மக்கள் அதனைச் செவ்வண்டி என்றே அழைத்தனர். 1901 நவம்பரில் அக்கம்பெனியைப் பதிவு செய்தவர் ஹென்றி எட்வர்ட்ஸ் ஹண்டிங்டன். சதர்ன் பசிபிக் என்னும் பெரும் இரயில்வேயை ஆண்ட காலிஸ் ஹண்டிங்டனின் அண்ணன் மகன் அவர். சிறிய தந்தை 1900 இல் இறந்தபின், வங்கியாளர் ஐசையாஸ் ஹெல்மன் முதலியோரின் பணத்துணையோடு லாஸ் ஏஞ்சல்ஸைச் சுற்றி மின்சார இருப்புப் பாதை போடத் தொடங்கினார். அந்த ஆண்டு அந்நகரின் மக்கள் தொகை 1,02,479 மட்டுமே. அவ்வளவு சிறிய ஊருக்கு இத்துணைப் பெரிய இரயில் எதற்கு என்று கேட்டால், இக்கதையின் பாதி அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது.

முதற்பெரும் பாதை தெற்கே கடற்கரை ஊராகிய லாங் பீச்சுக்கு. 1902 ஜூலை 4 ஆம் நாள் அது திறக்கப்பட்டது. அப்போது லாங் பீச் ஒரு சிற்றூர். 1900 ஆம் ஆண்டுக் கணக்கில் 2,252 பேர். பத்தாண்டில் அத்தொகை 17,809 ஆயிற்று. இரயில் மக்களிடம் போகவில்லை. மக்கள் இரயிலிடம் வந்தார்கள். வரும் மக்களுக்கு மனை விற்றவர் யார்? ஹண்டிங்டனின் நிலக் கம்பெனியே. வெறுங்காடாய்க் கிடந்த நிலத்தைக் குறைந்த விலைக்கு வாங்குவது, அதனூடே பாதை போடுவது, பின் மனைகளாகப் பிரித்து விற்பது. அவருடைய வாணிகம் அதுதான். இரயில் ஈட்டாததை நிலம் ஈட்டிற்று. பயணிகள் போக்குவரத்து பெரும்பாலான ஆண்டுகளில் நட்டத்திலேயே நடந்தது என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

அந்தப் பாதையின் போக்கைச் சற்றே பின்தொடர்வோம். நகர நடுவில், ஆறாம் தெருவும் மெயின் தெருவும் கூடுமிடத்தில் 1905 இல் எழுந்த ஒன்பது அடுக்குக் கட்டடம் அதன் தலைமை நிலையம். அங்கிருந்து சில தெருக்களில் மற்ற வண்டிகளோடு நெரிந்து ஊர்ந்து, லாங் பீச் அவென்யூவை அடைந்ததும் தனக்கே உரிய நிலத்தில் இறங்கும். அங்கிருந்து வாட்ஸ் வரை நான்கு இருப்புப் பாதைகள். நிலையந்தோறும் நிற்கும் வண்டிகளுக்கு இரண்டு, நில்லாது விரையும் வண்டிகளுக்கு இரண்டு. ஸ்லாசன் சந்திப்பில் விட்டியர் கிளை கிழக்கே பிரியும். வாட்ஸில் சாண்டா அனா கிளை ஒருபுறமும் கடற்கரைக் கிளைகள் மறுபுறமும் பிரியும். பின் காம்ப்டன், அப்பால் டொமிங்கஸ் சந்திப்பில் சான் பெட்ரோ துறைமுகத்துக்குப் போகும் பாதை விலகிச் செல்லும். லாஸ் ஏஞ்சல்ஸ் ஆற்றைப் பாலத்தின் வழியே கடந்து, 1921 இல் எண்ணெய் பீறிட்ட சிக்னல் ஹில் குன்றை இடப்புறம் விட்டு, வில்லோ தெருவுக்குத் தெற்கே மீண்டும் நகரத் தெருவில் ஏறும். அத்தெருவுக்கு அப்போது அமெரிக்கன் அவென்யூ என்று பெயர். இன்று லாங் பீச் புல்வார்டு. அதன் முடிவில் கடல். மொத்தம் ஏறத்தாழ 20 மைல்.

அரபு மொழியில் இரயில் வண்டித் தொடருக்குக் 'கிதார்' என்று பெயர். அச்சொல்லின் பழம்பொருள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி நடத்தப்படும் ஒட்டக வரிசை. இரண்டு மூன்று வண்டிகள் கோத்து, மேலே ஓடும் கம்பியிலிருந்து மின்சாரம் பெற்று, தோட்டங்களுக்கும் வெற்று வெளிகளுக்கும் நடுவே கடலை நோக்கிச் சென்ற அந்தத் தொடருக்கு இப்பெயர் எவ்வளவு பொருந்துகிறது!

அப்பாதையைத் தங்கள் தோளில் சுமந்தவர்களையும் சொல்ல வேண்டும். தண்டவாளம் போட்டவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்த கூலிகள். 1903 ஏப்ரலில் அவர்கள் சங்கம் அமைத்து, கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினர். ஹண்டிங்டன் இணங்கவில்லை, வேறு ஆட்களைக் கொண்டு வேலை நடந்தது, போராட்டம் தோற்றது. அக்கூலிகளின் குடியிருப்புகளால் வளர்ந்த ஊர்களில் ஒன்றுதான் வாட்ஸ். பிற்காலத்தில் அவ்வூரில், சாண்டா அனா கிளைப் பாதையை ஒட்டிய ஒரு துண்டு நிலத்தில், சைமன் ரோடியா என்ற இத்தாலியத் தொழிலாளி 1921 முதல் 1954 வரை தனியொருவராய் இரும்புக் கம்பியும் சிமெண்டும் உடைந்த ஓடும் கண்ணாடியும் கொண்டு கோபுரங்கள் எழுப்பினார். அவற்றுள் உயர்ந்தது ஏறக்குறைய 100 அடி. செவ்வண்டியில் போனவர்கள் அக்கோபுரங்கள் வளர்வதை ஆண்டுக்கணக்கில் பார்த்திருப்பார்கள்.

1911 செப்டம்பரில் பல கம்பெனிகள் ஒன்றாக இணைக்கப்பட்டுப் புதிய பசிபிக் எலெக்ட்ரிக் உருவாயிற்று. அதன் உடைமை சதர்ன் பசிபிக்கிடம் சென்றது. ஹண்டிங்டன் தமக்கென வைத்துக்கொண்டது நகரத்துக்குள் ஓடிய மற்றோர் அமைப்பை. அதன் பெயர் லாஸ் ஏஞ்சல்ஸ் இரயில்வே. அதன் வண்டிகள் மஞ்சள் நிறம். செவ்வண்டியின் தண்டவாள அகலம் 4 அடி 8½ அங்குலம்; மஞ்சள் வண்டிக்கு 3 அடி 6 அங்குலம். இரண்டும் ஒரே தெருவில் ஓட வேண்டிய இடங்களில் மூன்று தண்டவாளங்கள் போட்டிருந்தனர். இவ்வேறுபாட்டை நாம் வீணாகக் கூறவில்லை, பின்னர் தேவைப்படும்.

1920 களில் செவ்வண்டி உச்சத்தைத் தொட்டது. 1,000 மைலுக்கு மேற்பட்ட இருப்புப் பாதை; 1924 இல் 10 கோடிக்கு மேற்பட்ட பயணங்கள். அதே ஆண்டுகளில்தான் நோயும் தொடங்கியது. மனை வாங்கிக் குடியேறிய மக்களே கார் வாங்கினர். அக்கார்கள் செவ்வண்டி செல்லும் தெருக்களை அடைத்தன. 1920 ஏப்ரலில் நகராட்சி, நடு நகரில் கார் நிறுத்துவதைப் பகல் நேரத்தில் தடை செய்தது. எதிர்ப்புக் கிளம்பவே சில வாரங்களுக்குள் அத்தடை தளர்ந்தது. 1925 டிசம்பரில் நகரின் அடியில் ஒரு மைல் சுரங்கப் பாதை திறந்தார்கள். அது ஹாலிவுட் பக்கத்து வண்டிகளுக்கு மட்டுமே உதவிற்று. 1926 இல் உயர்பாலங்களில் இரயிலைக் கொண்டுசெல்லும் திட்டம் மக்கள் வாக்குக்கு வந்தபோது மக்கள் அதனை ஏற்கவில்லை. லெவல் கிராசிங்குகள் பெருகின. வண்டிகள் வேகம் இழந்தன. கட்டணத்தை உயர்த்த அரசின் இரயில்வே ஆணையத்தின் இசைவு வேண்டும். அது எளிதில் கிட்டவில்லை. சதர்ன் பசிபிக்குக்கு ஆதாயம் தந்தது சரக்குப் போக்குவரத்து. பயணிகள் அதற்குச் சுமை. ஆகவே கிளை கிளையாகப் பேருந்துக்கு மாற்றிற்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோலும் டயரும் பங்கீடு செய்யப்பட்டதால் கூட்டம் மீண்டும் நிரம்பி வழிந்தது. போர் முடிந்ததும் கூட்டமும் கலைந்தது. விரைவுச் சாலைகள் வந்தன.

1953 இல் பயணிகள் சேவை மெட்ரோபாலிடன் கோச் லைன்ஸ் என்ற பேருந்துக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. 1958 இல் அதனை மாநிலச் சட்டத்தால் அமைந்த பொதுத்துறைப் போக்குவரத்து நிறுவனம் வாங்கிற்று. எஞ்சிய பாதைகளையும் அது ஒவ்வொன்றாக நிறுத்தியது. கடைசியாக மிஞ்சியது முதலில் பிறந்த லாங் பீச் பாதை. 1961 ஏப்ரல் 8 ஆம் நாள் இரவு கடந்து 9 ஆம் நாள் விடியுமுன் அதுவும் ஓய்ந்தது. சில வண்டிகள் அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறி, புவெனஸ் ஐரெஸ் நகரப் பாதையில் ஓடின. பல, இரும்புக் கடைக்குப் போயின. டெர்மினல் ஐலண்டில் அவ்வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கும் 1956 ஆம் ஆண்டுப் புகைப்படம் இன்றும் பார்ப்போர் நெஞ்சைப் பிசைகிறது. ஆனால் கொலையுண்டவரின் படம் கொலையாளியின் பெயரைச் சொல்லாது.

இனி நாம் மேடையில் சொன்ன செய்தியின் வரிசையைக் கீழிருந்து மேலே ஏறிப் பார்ப்போம். இன்று இதனைச் சொல்வோரில் பலர் பெற்றது 1988 இல் வந்த 'ஹூ ஃப்ரேம்டு ரோஜர் ராபிட்' என்னும் திரைப்படத்திலிருந்து. விரைவுச் சாலை போடுவதற்காகச் செவ்வண்டியை வாங்கி அழிக்க முயல்பவனே அதில் தீயவன். அது கேலிச்சித்திரப் பாத்திரங்கள் ஆடும் படம், சாட்சியாகாது. அதற்கு மேலே 1974 இல் அமெரிக்க மேலவையின் துணைக்குழு ஒன்றன்முன் பிராட்ஃபோர்டு ஸ்னெல் என்ற வழக்கறிஞர் வைத்த அறிக்கை. செவ்வண்டியின் அழிவையும் ஜெனரல் மோட்டார்ஸின் கணக்கில் எழுதியது அதுவே. அதற்கும் மேலே 1949 ஆம் ஆண்டுச் சிகாகோ நீதிமன்றத் தீர்ப்பு. வரிசையின் தலை இதுதான், இது உறுதியானது. நேஷனல் சிட்டி லைன்ஸ் என்ற கம்பெனியின் பிடியிலிருந்த நகரப் போக்குவரத்துகளுக்குப் பேருந்து, டயர், எரிபொருள் ஆகியவற்றை விற்பதை ஏகபோகமாக்கச் சதி செய்ததாக ஜெனரல் மோட்டார்ஸ், ஃபயர்ஸ்டோன் முதலிய கம்பெனிகள் தண்டிக்கப்பட்டன. கம்பெனிக்கு அபராதம் 5,000 டாலர்; அதிகாரிகளுக்குத் தலைக்கு ஒரு டாலர்! ஆனால் போக்குவரத்துக் கம்பெனிகளையே கைப்பற்றச் சதி செய்தனர் என்ற மற்றொரு குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டனர். லாஸ் ஏஞ்சல்ஸில் நேஷனல் சிட்டி லைன்ஸின் கைக்கு 1945 இல் போனது எது? மஞ்சள் வண்டி. செவ்வண்டி அன்று சதர்ன் பசிபிக்கின் உடைமை.

இமாம் கதீபுல் பக்தாதீ (ரஹ்), ஹிஜ்ரி 463 இல் மறைந்தவர்; பெயர் ஒன்றாகவும் ஆள் வேறாகவும் உள்ள அறிவிப்பாளர்களைப் பிரித்தறிவதற்கென்றே 'அல்முத்தஃபிக் வல்முஃப்தரிக்' என ஒரு நூல் செய்தார். ஒரே ஊரில், ஒரே மனிதரின் கையில் வளர்ந்த இரண்டு இரயில்களை ஒன்றெனக் கொண்டதே இச்செய்தியில் நேர்ந்த பிழை. அந்த நூலைப் பாடம் சொல்பவர்கள் நாமே இதில் விழுந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

எனினும் செய்தி முழுப்பொய் என்று தள்ளுவதும் நீதியாகாது. மஞ்சள் வண்டியின் பல வழித்தடங்கள் நேஷனல் சிட்டி லைன்ஸின் காலத்தில் பேருந்தாயின. 1953 இல் செவ்வண்டியை வாங்கிய ஜெஸ்ஸி ஹா, முன்னர் நேஷனல் சிட்டி லைன்ஸோடு உறவுடைய பசிபிக் சிட்டி லைன்ஸில் இருந்தவர். ஆகவே ஒரு நூலிழைத் தொடர்பு உண்டு. ஆனால் அவர் வாங்கியபோது பெரும்பாலான பாதைகள் ஏற்கெனவே பெயர்க்கப்பட்டிருந்தன. கடைசி விளக்கை அணைத்தது எந்த மோட்டார்க் கம்பெனியுமன்று, பொதுமக்களின் பெயரால் நடந்த நிறுவனம். மஞ்சள் வண்டியையும் 1963 இல் அதே நிறுவனமே நிறுத்தியது. பேராசை இக்கதையில் இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் நாம் தேடிய இடத்தில் இல்லை. நிலம் விற்றவரிடம் இருந்தது. அவர் நிலத்தை விற்று முடித்தபின் இரயிலுக்கு உண்மையான உடையவர் எவருமில்லை. கார் வாங்கியவர்களையும் 1926 இல் வாக்களித்தவர்களையும் சதிகாரர் என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

பின்னுரையாக ஒன்று. சரக்கு வண்டிகள் தொடர்ந்து ஓடியதால் வாட்ஸ் வழிச் செல்லும் அந்த அகன்ற நிலத்தில் எவரும் வீடு கட்டவில்லை. அதனால் 1990 ஜூலை 14 ஆம் நாள் அதே நிலத்தில் மீண்டும் மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. முதலில் நீலப் பாதை என்றார்கள். 2019 முதல் ஏ பாதை என்கிறார்கள். வாட்ஸில் 1904 இல் கட்டிய மரத்தாலான பழைய நிலையம் அதன் ஓரத்தில் இருக்கிறது. 1965 ஆகஸ்டுக் கலவரத்தில் 103 ஆம் தெருக் கடைகள் எரிந்து சாம்பலானபோதும் அக்கட்டடம் தப்பிற்று.

இவ்வளவையும் அந்த மாணவரிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் அந்தக் கூட்டத்தார்க்கு யார் சொல்வது, ஹஜ்ரத்?" என்றார். அடுத்த கூட்டத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள். முதலில் பேச நம்மையே அழைத்திருக்கிறார்கள்.