முதலிடம் யாருக்கு?

அத்திப்பள்ளியிலிருந்து ஒரு நண்பர் அடிக்கடி எங்கள் ஓசூர் வீட்டுக்கு வருவார். கன்னடக்காரர், என் வயதுதான். அறுபதுகளின் பாட்டுப் பேச்சு வந்தால் எங்களுக்குள் சண்டைதான். பி.பி. ஸ்ரீனிவாஸ் தங்கள் ஆள் என்பார். அன்று ராஜ்குமாருக்குக் குரல் கொடுத்தவர் அவர்தானே, விட்டுக்கொடுப்பாரா? பி.பி.எஸ். பிறந்தது காக்கிநாடாவில், தெலுங்கர் என்று என் மனைவி சமையலறையிலிருந்து முடித்து வைப்பாள். மூன்று மொழி புழங்கும் ஊரில் இதுதான் வசதி.

பாட்டுகளை வரிசைப்படுத்தும் பழக்கம் நமக்கு இலங்கை வானொலி வழியாக வந்தது. 1952-ல் கேஸ்கர் மத்திய மந்திரியான பிறகு ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய நின்றே போனது. ஜனங்கள் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கே அமீன் சயானியின் பினாகா கீத்மாலா, இசைத்தட்டு விற்பனையையும் நேயர் மன்றங்களின் கடிதங்களையும் வைத்து இந்திப் பாட்டுகளுக்கு இடம் போட்டது. 1957-ல் விவித பாரதி வந்தும் கொழும்பின் மவுசு குறையவில்லை.

தமிழில் எனக்கு மறக்காதது 1961-ல் நடந்த 'பாவ மன்னிப்பு' போட்டி. படம் வருமுன்பே பாட்டுகள் இலங்கை வானொலியில் ஒலித்தன. அவற்றைச் சிறப்பின்படி வரிசைப்படுத்தி எழுத வேண்டும், நடுவர் குழுவின் பட்டியலோடு ஒத்துப்போனால் ரொக்கப் பரிசு. ஏவி.எம். செட்டியாரின் விளம்பர மூளை அப்படி!

அப்போது புதுச்சேரியில் எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினேழு. எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் மாதாமாதம் ப்ரெமியே, தூஸியேம் என்று வகுப்பு முழுக்க இடம் வாசிப்பார்கள். நான் எப்போதும் பாதிக்குக் கீழேதான். அதனால் வரிசை என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அக்காவோ உற்சாகமாக உட்கார்ந்து, பி.பி.எஸ். பாடிய 'காலங்களில் அவள் வசந்தம்' முதல் என்று எழுதினாள். அப்பா எட்டிப் பார்த்தார்.

"உனக்கு எது பிடிக்கும்னு அவங்க கேக்கலேம்மா. குழுவுக்கு எது பிடிக்கும்னு யோசிச்சு எழுது."

அப்பா சொன்னது சரிதான். அந்தப் போட்டி ரசனைக்கு வைத்ததல்ல, ஊகத்துக்கு வைத்தது. அக்கா அடித்துவிட்டு டி.எம்.எஸ். பாட்டை மேலே ஏற்றினாள். பரிசு வரவில்லை. எந்த வரிசை ஜெயித்தது என்று அவள் கேட்டுக்கொள்ளவே இல்லை. பிடித்ததைக் கீழே தள்ளிவிட்டோமே என்பதுதான் அவளுக்கு வருத்தம். வானொலியில் அந்தப் பாட்டு வந்தால் சில நாள் எழுந்து போய்விடுவாள்.

நண்பர் போன வாரம் வந்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். உடனே போன் போடச் சொன்னார். அக்காவுக்கு இப்போது காது மந்தம், இரண்டு முறை கத்த வேண்டியிருந்தது.

"முதல்ல பி.பி.எஸ்.தான்டா, வேற யாரு?" என்றாள். நண்பர் கைதட்டினார்.

"எனக்கு சுசீலாவோட 'அத்தான் என்னத்தான்'தான் முதல்" என்றேன்.

"உன்னை யாரு கேட்டா? நீ அப்பவே கடைசி பெஞ்சு" என்று வைத்துவிட்டாள்.