ஹால்டேன் சங்கிலியும் மறைந்திருந்த ஒழுங்கும்

ஹால்டேன் சங்கிலி என்பது, முழு எண் தற்சுழற்சி கொண்ட காந்த அணுக்கள் ஒரே வரிசையில் அமைந்து, அடுத்தடுத்த அணுக்கள் எதிரெதிர்த் திசையில் நிற்க முனையும் ஒருபரிமாணக் குவாண்டம் அமைப்பு ஆகும். பிரித்தானிய இயற்பியலாளர் டங்கன் ஹால்டேன் இதன் இயல்பை 1981இல் கணித்தார். அக்காலத்துப் பொதுக்கருத்துக்கு மாறாக இருந்ததால் அக்கணிப்பு உடனே ஏற்கப்படவில்லை. பின்னர் அதுவே, பொருளின் இடத்தியல் கட்டங்கள் பற்றிய ஆய்வுக்கு அடித்தளங்களுள் ஒன்றாயிற்று.

ஒட்டுறவு

ஒரு சங்கிலியில் ஓர் அணுவின் தற்சுழற்சித் திசை தெரிந்தால், தொலைவில் உள்ள வேறோர் அணுவின் திசையை எந்த அளவுக்குச் சொல்ல முடியும் என்பதைக் குறிக்கும் அளவே ஒட்டுறவு. இரண்டு அணுக்களுக்கும் இடையிலுள்ள தொலைவு கூடும்போது இது மூன்று வகையாக அமையலாம். எவ்வளவு தொலைவு சென்றாலும் குறையாமல் ஒரு மதிப்பில் நிலைத்தால் அங்கே நெடுந்தொலைவு ஒழுங்கு உண்டு. தொலைவின் அடுக்குக்கு ஏற்ப மெல்லக் குறையலாம். அல்லது ஒவ்வோர் அடியிலும் ஒரே விகிதத்தில் சுருங்கி விரைவில் மறையலாம். மூன்றாம் வகையில், கிளர்வற்ற அடிநிலைக்கும் முதல் கிளர்வு நிலைக்கும் இடையே பொதுவாக ஓர் ஆற்றல் இடைவெளி இருக்கும்.

பழைய நம்பிக்கை

வெர்னர் ஹைசன்பர்க் 1928இல் காந்தத்தன்மைக்குக் குவாண்டம் விளக்கம் அளித்தார். அவரது மாதிரியை ஹான்ஸ் பெத்தே 1931இல் அரைத் தற்சுழற்சி அணுச் சங்கிலிக்குத் துல்லியமாகத் தீர்த்தார். எதிர்ஃபெர்ரோ காந்தச் சங்கிலியின் கிளர்வுகளை டெ குளோவாசோ, பியர்சன் ஆகியோர் 1962இல் இம்முறையில் கணக்கிட்டனர். ஆற்றல் இடைவெளி இல்லை என்பது உறுதியாயிற்று.

தற்சுழற்சியின் மதிப்பு மிகப் பெரிதாகும்போது அணுக்கள் சாதாரண அம்புக்குறிகளைப் போல நடந்துகொள்ளும். அங்கும் தற்சுழற்சி அலைக் கோட்பாடு இடைவெளி இல்லை என்றே கூறியது. ஒரு முனையில் 1/2, மறு முனையில் மிகப் பெரிய மதிப்பு. இரண்டிலும் இடைவெளி இல்லை. ஆகவே நடுவிலுள்ள 1, 3/2, 2 ஆகிய எல்லா மதிப்புகளுக்கும் இதுவே பொருந்தும் என்று பலரும் கருதினர். இது மெய்ப்பிக்கப்பட்ட முடிவன்று. இயல்பாகத் தோன்றிய ஊகம் மட்டுமே.

ஹால்டேனின் கணிப்பு

ஹால்டேன் அப்போது பிரான்சின் கிரனோபிள் நகரிலுள்ள லாவே-லாஞ்செவின் நிறுவனத்தில் பணியாற்றினார். அவர் கண்ட முடிவு இது: 1/2, 3/2 போன்ற அரைமுழு எண் சங்கிலிகளில் இடைவெளி இல்லை, ஒட்டுறவு மெல்லக் குறையும், 1, 2 போன்ற முழு எண் சங்கிலிகளில் இடைவெளி உண்டு, ஒட்டுறவு விரைவில் மறையும்.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் இடத்தியல் சார்ந்தது. காலப்போக்கில் சங்கிலியின் தற்சுழற்சித் திசைகள் மாறும் வழிகளை அவை எத்தனை முறை முழுமையாகச் சுற்றுகின்றன என்பதைக் கொண்டு வகைப்படுத்தலாம். இச்சுற்று எண் எப்போதும் முழு எண்ணாகவே இருக்கும். சிறிய மாற்றங்களால் மாறாது. அரைமுழு எண் சங்கிலியில் ஒவ்வொரு சுற்றும் கணக்கில் ஓர் எதிர்க்குறியைச் சேர்க்கிறது. அதனால் வெவ்வேறு வழிகள் ஒன்றையொன்று நீக்குகின்றன. முழு எண் சங்கிலியில் அந்த எதிர்க்குறி இல்லை. எல்லா வழிகளும் சேர்ந்து ஒழுங்கைக் குலைத்து இடைவெளியை உண்டாக்குகின்றன.

இக்கருத்தைக் கொண்ட 1981ஆம் ஆண்டுக் கட்டுரையை ஆய்விதழ்கள் ஏற்கவில்லை. 1983இல் வேறு வடிவில் இரண்டு கட்டுரைகளாக இது வெளிவந்தது. ஏற்கப்படாத பழைய கட்டுரை 2016இல்தான் இணையத்தில் பொதுவெளிக்கு வந்தது.

சோதனைச் சான்றுகள்

நிக்கல் அயனியின் தற்சுழற்சி 1. அவ்வயனிகள் சங்கிலிகளாக அமைந்த சீசியம் நிக்கல் குளோரைடு படிகத்தில், கனடாவின் சாக் ரிவர் ஆய்வகத்தில் பையர்ஸ் குழுவினர் நியூட்ரான் சிதறல் ஆய்வு நடத்தி, 1986இல் இடைவெளிக்குச் சான்று அளித்தனர். எனினும் இப்படிகத்தில் சங்கிலிகள் ஒன்றையொன்று ஓரளவு பாதிப்பதால் ஐயம் எழ இடமிருந்தது. சங்கிலிகள் நன்கு விலகி நிற்கும் வேறொரு நிக்கல் சேர்மத்தில் ரெனார் குழுவினர் 1987இல் இடைவெளியைத் தெளிவாகக் கண்டனர். 1992இல் ஸ்டீவன் ஒயிட் உருவாக்கிய கணிப்பொறி முறை, தற்சுழற்சி 1 சங்கிலியின் இடைவெளி அணுக்களுக்கு இடையிலான பரிமாற்ற வலிமையில் ஏறத்தாழ 0.41 பங்கு என்றும், ஒட்டுறவு நீளம் ஏறத்தாழ 6 அணு இடைவெளிகள் என்றும் காட்டியது.

ஏ.கே.எல்.டி. மாதிரி

1969இல் இந்திய இயற்பியலாளர்களான சஞ்சல் குமார் மஜூம்தாரும் தீபன் கோஷும், அரைத் தற்சுழற்சி அணுக்கள் இரண்டிரண்டாக இணை சேரும் ஒரு சங்கிலியைத் துல்லியமாகத் தீர்த்திருந்தனர். இணை சேரும் இக்கருத்து 1987இல் புதிய வடிவம் பெற்றது. இயன் ஆஃப்லெக், டாம் கென்னடி, எலியட் லீப், ஹால் தசாகி ஆகிய நால்வரும், தற்சுழற்சி 1 உள்ள ஒவ்வோர் அணுவையும் இரண்டு அரைத் தற்சுழற்சிகளின் சேர்க்கையாகக் கொண்டனர். ஓர் அரை இடப்பக்க அணுவின் அரையோடும், மற்றோர் அரை வலப்பக்க அணுவின் அரையோடும் இணை சேரும். வரிசையில் நிற்கும் பிள்ளைகள் இருபுறமும் கைகோத்து நிற்பது போன்றது இது.

இம்மாதிரியில் இடைவெளி இருப்பது கணித முறைப்படி மெய்ப்பிக்கப்பட்டது. ஒட்டுறவு ஒவ்வோர் அடிக்கும் குறி மாறி, மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது; பத்து அடிகளில் ஏறத்தாழ 59,000இல் ஒரு பங்காகிவிடும்.

மறைந்திருந்த ஒழுங்கு

அப்படியானால் இச்சங்கிலி வெறும் ஒழுங்கற்ற அமைப்புத்தானா? இல்லை என்று 1989இல் மார்செல் டென் நெய்ஸ், கூஸ் ரோமெல்ஸே ஆகியோர் காட்டினர். தற்சுழற்சி 1 அணுவை ஒரு திசையில் அளந்தால் +, 0, − என்ற மூன்று விடைகளில் ஒன்று கிடைக்கும். ஏ.கே.எல்.டி. சங்கிலியில் கிடைக்கும் வரிசை, + 0 − 0 0 + − 0 + என்பது போல அமையும். இதில் 0 விடைகளை நீக்கிவிட்டால் +, − இரண்டும் தவறாமல் மாறி மாறி வருகின்றன. இடையில் எத்தனை 0 வரும் என்பதுதான் நிச்சயமில்லை. இரண்டு அணுக்களை மட்டும் ஒப்பிடும் சாதாரண ஒட்டுறவு இதனால்தான் மறைகிறது. இடையிலுள்ள எல்லா அணுக்களையும் கணக்கில் சேர்க்கும் சர ஒட்டுறவோ தொலைவால் மறையாமல் 4/9 என்ற மதிப்பில் நிலைத்து நிற்கிறது. ஹைசன்பர்க் சங்கிலியில் அதன் மதிப்பு ஏறத்தாழ 0.37.

சங்கிலியின் முனைகள்

கைகோத்து நிற்கும் வரிசையின் இரு கோடிகளிலும் ஒவ்வொரு கை சும்மா இருக்கும். அதுபோலச் சங்கிலி அறுபடும் இடத்தில் இணை சேராத அரைத் தற்சுழற்சி ஒன்று எஞ்சுகிறது. முழு எண் தற்சுழற்சி அணுக்களால் மட்டுமே ஆன சங்கிலியின் முனையில் ஓர் அரை தோன்றுவது வியப்புக்குரியது. நிக்கல் சேர்மத்தில் சிறிதளவு தாமிரம் சேர்த்துச் சங்கிலிகளை முறித்து நடத்திய காந்த ஒத்ததிர்வுச் சோதனையில், ஹகிவாரா குழுவினர் 1990இல் இதற்குச் சான்று கண்டனர்.

பின்னைய வளர்ச்சி

2009, 2010 ஆம் ஆண்டுகளில் கு, வென் ஆகியோரும், போல்மன், டர்னர், பெர்க், ஓஷிகாவா ஆகியோரும் இக்கட்டத்தின் இயல்பை மேலும் தெளிவாக்கினர். சுழற்சிச் சமச்சீர், காலத் திருப்புச் சமச்சீர், சங்கிலியின் இடவல மாற்றச் சமச்சீர் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று காக்கப்படும் வரை, ஹால்டேன் கட்டத்தை இடையில் ஒரு கட்ட மாற்றம் நேராமல் சாதாரணக் கட்டமாக மாற்ற இயலாது. சரி ஒட்டுறவு மறைந்தாலும் இக்கட்டம் நீடிக்கலாம். சங்கிலியின் இரு பாதிகளுக்கு இடையிலுள்ள குவாண்டம் பின்னலே அதன் உண்மையான அடையாளம். இத்தகையவை சமச்சீர் காக்கும் இடத்தியல் கட்டங்கள் எனப்படுகின்றன.

2016ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசு டேவிட் தௌலஸ், டங்கன் ஹால்டேன், மைக்கேல் காஸ்டர்லிட்ஸ் ஆகியோருக்கு, பொருளின் இடத்தியல் கட்டங்கள் பற்றிய ஆய்வுகளுக்காக வழங்கப்பட்டது. 2021இல் தங்கப் பரப்பின்மேல் முக்கோணக் கார்பன் மூலக்கூறுகளைக் கோத்து உருவாக்கிய சங்கிலிகளில், முனைகளிலுள்ள அரைத் தற்சுழற்சிகள் நுண்ணோக்கி வழியே ஒவ்வொன்றாக அறியப்பட்டன. ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய கணிப்பு, நாற்பது ஆண்டுகளில் தனித்தனி மூலக்கூறுகளில் சோதித்துப் பார்க்கத்தக்க உண்மையாக நிலைபெற்றது.