தேவனாம்பட்டினம் முதல் கொள்ளிட முகத்துவாரம் வரை: 1749ஆம் ஆண்டுக் கப்பற்சேதங்களும் நிலத்துச் சான்றுகளும்

1749ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் இரவு சோழமண்டலக் கடற்கரையைத் தாக்கிய புயலில் இங்கிலாந்துக் கடற்படையின் நாமூர், பெம்புரோக் ஆகிய இரு போர்க்கப்பல்கள் அழிந்தன. 74 பீரங்கிகளைத் தாங்கிய நாமூர், கடற்படைத் தலைவர் எட்வர்டு பாஸ்கவெனின் கொடிக்கப்பலாகும். அது தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டைக்கு அருகே மூழ்கியதில் 520 பேர் மாண்டனர். 60 பீரங்கிகளைக் கொண்ட பெம்புரோக் பரங்கிப்பேட்டைக் கடற்பகுதியில் உடைந்தது. 330 பேர் இறந்தனர், 12 பேரே உயிர் தப்பினர். பாஸ்கவென் அன்று கரையில் இருந்தமையால் பிழைத்தார். இவ்விரு கப்பல்களின் எச்சங்களும் இன்றுவரை அடையாளம் காணப்படவில்லை. கடற்படை வரலாறுகள் இவற்றை இழப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஆயின், அதே இரவைக் கரையிலிருந்து எதிர்கொண்டோர் பற்றிய செய்திகளும் உள்ளன. அவற்றையும் இணைத்து நோக்கும்போதே தேடலுக்குரிய எல்லை சுருங்கும்.

முதற்கண் நாள் பற்றிய தெளிவு தேவை. ஏப்ரல் 13 என்பதைக் கண்டவுடன் சித்திரை முதல் நாள் எனக் கொள்ளத் தோன்றும். அது பிழை. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியையே பின்பற்றியது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் கையாண்ட கிரிகோரியன் முறைப்படி அந்நாள் ஏப்ரல் 24 ஆகும். அதாவது, புயல் வீசியது சுக்கில ஆண்டுச் சித்திரைத் திங்களின் நடுப்பகுதியில். புதுச்சேரி ஆவணங்களையும் தமிழ்க் குறிப்புகளையும் ஆங்கிலப் பதிவுகளோடு ஒப்பிடுவோர் இப்பதினொரு நாள் வேறுபாட்டை மறந்தால், ஒரே புயல் இரண்டாகிவிடும்.

சித்திரை என்பது மற்றொன்றையும் விளக்குகிறது. இக்கரையில் பெரும்புயல்கள் மிகுதியும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழித் திங்களுக்குரியவை. 2011 டிசம்பர் இறுதியில் வந்த தானே புயலும் அவ்வகையினதே. அப்பருவம் நெருங்குமுன் போர்க்கப்பல்களை இங்கிருந்து அகற்றுவது கடற்படையினர் வழக்கம். கடலூருக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. பெருங்கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட, படகுகளே கரைக்கும் கப்பலுக்கும் இடையே ஆளையும் சரக்கையும் கொண்டுசென்றன. நீராவிக் கப்பல்கள் வந்த பின்னும் இந்நிலை மாறவில்லை. எனவே நாமூர் அங்கு நின்றதை மாலுமியரின் கவனக்குறைவு எனல் பொருந்தாது. பாதுகாப்பானது எனக் கருதப்பட்ட திங்களில், வழக்கமான இடத்தில் அது நின்றது.

இனி நிலத்துச் சான்று. தஞ்சை அரியணையை இழந்த சாகுஜிக்கு ஆதரவாகப் பிரதாபசிங்கருக்கு எதிராக ஆங்கிலேயர் அனுப்பிய படை, கொள்ளிட முகத்துவாரத்துத் தேவிக்கோட்டையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. கேப்டன் கோப் தலைமையிலான அப்படை புயலிரவில் பரங்கிப்பேட்டைக்கு அருகே பாசறையிட்டிருந்தது என்பது ராபர்ட் ஓர்ம் எழுதிய வரலாற்றால் தெரிகிறது. கூடாரங்கள் சிதைந்தன, பொதிமாடுகள் மடிந்தன, படை பரங்கிப்பேட்டையில் தங்கித் தன்னைச் சீர்செய்துகொள்ள நேர்ந்தது. ஆக, பெம்புரோக் உடைந்த கடலுக்கு எதிர்க்கரையிலேயே புயலின் நேர்ச்சான்றினர் இருந்தனர். இப்படையெடுப்பு பற்றிய ஆவணங்களில் காற்றின் திசை, அது திரும்பிய நேரம், கரையொதுங்கிய பொருள்கள் ஆகியவை குறித்த ஒவ்வொரு சொல்லும் கப்பல் எத்திசையில் இழுத்துச் செல்லப்பட்டது என்பதைக் கணிக்க உதவும். மாலுமியர் சாவுக்கு எண் கிடைப்பது ஊதியப் பதிவேடு இருந்தமையால்தான். படையோடு சுமை தூக்கிச் சென்ற உள்ளூர்க் கூலிகளுக்கு அத்தகைய பதிவேடு ஏது?

களத்தேடலுக்கு அண்மை முன்மாதிரி பூம்புகாராகும். அங்குத் தேசியக் கடலியல் நிறுவனம் ஏறத்தாழ 19 மீட்டர் ஆழத்தில் ஒரு கப்பற்சேதத்தைக் கண்டறிந்தது. அதிலிருந்து எடுக்கப்பட்ட ஈயக்கட்டிகளில் பிளாக்கெட் என்னும் பெயரும் 1791, 1792 ஆகிய ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன. மரம் அழிந்தாலும் உலோகம் பேசும் என்பதற்கு அது சான்று. வட அமெரிக்கப் பேரேரிகளின் குளிர்ந்த நன்னீரில் பழைய பாய்மரக் கப்பல்களும் தொடக்கக்கால நீராவிக் கப்பல்களும் முழு உருவோடு கிடைப்பதுண்டு. மரத்தைத் துளைக்கும் கடலுயிரிகள் அங்கில்லை. வங்கக்கடலில் அதை எதிர்பார்க்க இயலாது. வண்டலுக்குள் புதைந்த அடிப்பகுதியும் இரும்புப் பீரங்கிகளும் நங்கூரங்களுமே எஞ்சும். கொள்ளிடமும் வெள்ளாறும் கொண்டுவந்து கொட்டும் வண்டல் இவ்வகையில் பகையும் துணையுமாகிறது: மறைக்கிறது, காக்கவும் செய்கிறது. முகத்துவாரங்களும் கரைக்கோடும் இடம் மாறுபவை என்பதால், அன்றைய ஆழத்தை இன்றைய வரைபடத்தில் நேரே பொருத்தவும் இயலாது.

காந்தமானி கொண்டு பரங்கிப்பேட்டைக் கடலை ஆய்வோருக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. 1830ஆம் ஆண்டில் ஜே. எம். ஹீத் அங்கு இரும்பாலை நிறுவினார். அதன் இரும்பு கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்றது. ஆகவே கருவி காட்டும் இரும்பெல்லாம் பெம்புரோக்கினது ஆகிவிடாது. பீரங்கியின் வடிவமும் அதன்மீதுள்ள முத்திரையுமே முடிவு செய்ய வேண்டியவை.

கருவிகளுக்கு முன்பே கேட்கப்பட வேண்டியோர் மீனவர். சிதம்பரம் கோபுரங்களைக் கடலடையாளமாகக் கொள்ளுமாறு ஐரோப்பியக் கடல்வழிகாட்டி நூல்கள் மாலுமியருக்கு அறிவுறுத்தின. கரையிலுள்ள இரு பொருள்களை நேர்கோட்டில் வைத்துக் கடலில் இடம் குறிக்கும் அறிவு மீனவரிடம் உண்டு. வலை சிக்கும் இடங்களையும் அவர்கள் அறிவர். தேவனாம்பட்டினம் முதல் பழையாறு வரை அவ்விடங்களைத் தொகுப்பது பெருஞ்செலவு பிடிக்கும் பணியன்று. கடலடியை வாரிச் செல்லும் இழுவலைகள் எஞ்சியவற்றை இடம்பெயர்த்துக்கொண்டிருப்பதால், அத்தொகுப்பு சோனார் ஆய்வுக்காகக் காத்திராமல் முதலில் நடைபெற வேண்டியது.