மலையும் காலவரம்பும்: மருத்துவக் கவனக்குறைவு வழக்கில் சிகிச்சைப் பதிவேட்டின் இடம்

மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளின் நடைமுறை பற்றிய விவாதம் பெரும்பாலும் நிபுணர் கருத்து கட்டாயமா என்ற கேள்வியைச் சுற்றியே நடக்கிறது. பழனிமலைப் பகுதியிலிருந்து நோக்கினால் அதற்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு: மக்கள் ‘கேஸ் ஷீட்’ என்று சொல்லும் சிகிச்சைப் பதிவேடு யார் கையில் இருக்கிறது? மன்னவனூரிலோ பூம்பாறையிலோ வாழும் நோயாளி கொடைக்கானலில் முதல் சிகிச்சை பெறுகிறார். நிலை மோசமானால் மலையிறங்கித் தேனிக்கோ மதுரைக்கோ செல்கிறார். ஒரே நோயின் வரலாறு பல மருத்துவமனைகளில் சிதறிக் கிடக்கிறது. வழக்கின் வலுவும் அதோடு சேர்ந்து சிதறுகிறது.

சட்டத்தின் வாசல் குறுகலானதன்று. கட்டணம் பெற்றுத் தரும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குட்பட்ட சேவையே என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மனுதாரர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, அதாவது திண்டுக்கல்லிலேயே, முறையிடலாம். செலுத்திய மருத்துவக் கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமில்லை. காணொலி வழி விசாரணையும் கோரலாம். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனையோ நுகர்வோர் சட்டத்தின் வரம்புக்கு வெளியே நிற்கிறது. அங்கே உரிமையியல் வழக்கே வழக்கமான வழி. அரசின் மீது அவ்வழக்கைத் தொடுக்குமுன் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவுப்படி இரண்டு மாத அறிவிப்பு தர வேண்டும். இடர் தொடங்குவது காலக்கணக்கில். நுகர்வோர் மனுவுக்குக் காலவரம்பு 2 ஆண்டுகள். தக்க காரணம் காட்டினால் தாமதம் மன்னிக்கப்படும். ஆனால் 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள், உள்நோயாளியின் பதிவேட்டைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் காத்தால் போதும் என்கின்றன. தாமதம் மன்னிக்கப்பட்டு மனு ஏற்கப்படும்போது, சான்று விதிப்படியே அழிக்கப்பட்டிருக்கக்கூடும். கேட்டால் 72 மணி நேரத்தில் பதிவேட்டைத் தர வேண்டும் என்ற விதியும், கேட்கத் தெரிந்தவருக்கே பயன்படுகிறது.

ஆதாரமற்ற புகார்களிலிருந்து மருத்துவரைக் காக்க நிபுணர் கருத்தே முதல் வடிகட்டியாக வேண்டும் என்பர் மறுப்பவர். குற்ற வழக்கில் இது நியாயமே. 2005இல் உச்ச நீதிமன்றம் அவ்வாறே வரையறுத்தது. நுகர்வோர் மனுக்களுக்கும் 2009இல் அது விரிக்கப்பட்டது. ஆயினும் எல்லா வழக்குக்கும் அதைக் கட்டாயமாக்க முடியாது என்று 2010இல் அதே நீதிமன்றம் திருத்தியது. எப்படியாயினும், பதிவேடு இல்லாமல் நிபுணர் எதைப் படித்துக் கருத்துச் சொல்வார்? ஆகவே நிபுணரை வலியுறுத்துவோர் பதிவேட்டை அதற்கு முன்பே வலியுறுத்த வேண்டும். பதிவேட்டின் நகலை நோயாளியிடம் தருவது சிறிய மருத்துவமனைகளுக்குச் சுமை என்பது அடுத்த மறுப்பு. நோயாளியை மேல்சிகிச்சைக்கு அனுப்பும்போது பரிந்துரைத் தாள் எழுதத்தான் செய்கிறார்கள். அதோடு பதிவேட்டின் நகலையும் இணைப்பதில் கூடும் வேலை சில நிமிடங்களே. அந்நகல் அடுத்த மருத்துவருக்கும் வழிகாட்டும். முறையாகச் சிகிச்சை செய்தவரை வழக்கிலிருந்து காப்பதும் அதுவே.

எனவே சீர்திருத்தம் தொடங்க வேண்டிய இடம் நீதிமன்றம் அன்று. நோயாளியை வேறிடத்துக்கு அனுப்பும்போது, அவர் கேளாமலே முழுப் பதிவேட்டின் நகலைத் தருவதை, தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழான விதிகளில் கடமையாக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளுக்கும் அதையே ஆணையாக்க வேண்டும். மலையிறங்கும் நோயாளியோடு அவருடைய பதிவேடும் இறங்கட்டும்.