நான்காவது உரிமை: தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒன்றுசேர்ந்து நின்ற வரலாறு



மறைந்த ஒருவரின் பெயரால் கூடி, அவர் விட்டுச்சென்ற கேள்வியைத் தொடர்ந்து பேசுவது நமக்குப் பழகிய வழக்கம். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பல்கலைக்கழகத்திலும் 1959இல் இப்படியொரு நினைவுச் சொற்பொழிவு தொடங்கப்பட்டது. 1948இலிருந்து 1955இல் இறக்கும்வரை அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல்வராக இருந்த டி.பி. டேவியின் பெயரால் நடக்கும் அந்தச் சொற்பொழிவின் பொருள் கல்விச் சுதந்திரம். ஒரு பல்கலைக்கழகம் நான்கு விஷயங்களைத் தானே முடிவுசெய்ய வேண்டும் என்பது டேவியின் நிலைப்பாடு. யார் கற்பிப்பது, எதைக் கற்பிப்பது, எப்படிக் கற்பிப்பது, யாருக்குக் கற்பிப்பது என்பவை அந்த நான்கு.

கல்விச் சுதந்திரம் பற்றிப் பேசுகிறவர்கள் முதல் மூன்றையும் உரக்கச் சொல்வார்கள். நான்காவது வரும்போது குரல் தாழ்ந்துவிடும். நமக்கோ கதையே நான்காவதிலிருந்துதான் தொடங்குகிறது. உள்ளே விடப்படாதவனுக்கு வகுப்பறைச் சுதந்திரத்தால் என்ன பயன்? ஆகவே, நான்காவது உரிமைக்காகப் பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடி நின்ற ஒரு வரலாற்றை இன்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அதில் பெருமைப்பட வேண்டியதும் உண்டு, எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டியதும் உண்டு.

இரண்டு பல்கலைக்கழகங்கள்

1948இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. குடியிருப்பு, திருமணம், பேருந்து, மருத்துவமனை என எல்லாவற்றையும் நிறத்தின்படி பிரிக்கும் சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. 1953இல் பாண்டு கல்விச் சட்டம் கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிகளை அரசின் பிடிக்குள் கொண்டுவந்தது. அடுத்த குறி பல்கலைக்கழகம். கேப்டவுன், ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் ஆகிய இரண்டும் எல்லா இனத்து மாணவர்களையும் ஒரே வகுப்பில் சேர்த்துக்கொண்டிருந்தன. ‘திறந்த பல்கலைக்கழகங்கள்’ என்று பெயர் வந்தது அதனால்தான்.

1957 ஜனவரியில் இரண்டும் கேப்டவுனில் கூட்டு மாநாடு நடத்தின. தலைமை வகித்த சென்ட்லிவ்ரெஸ் நாட்டின் முன்னாள் தலைமை நீதிபதி. மாநாட்டின் விளைவாகத் திறந்த பல்கலைக்கழகங்களைப் பற்றிய சிறு நூல் ஒன்று அந்த ஆண்டிலேயே வெளியானது. மாணவர் சேர்க்கைக்கு அளவுகோல் கல்வித் தகுதியாக இருக்க வேண்டும், தோல் நிறமாக இருக்கக் கூடாது என்று அது வாதாடியது. அந்நூல் கடல் கடந்தும் போனது. அமெரிக்காவில் மார்க்சியப் பொருளியலாளர் பால் ஸ்வீஸி ஒரு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரை பற்றி அரசு அவரைத் துருவியது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றபோது, 1957 ஜூனில் நீதிபதி ஃபிராங்ஃபர்ட்டர் தம் தீர்ப்பில் அந்நூலை மேற்கோள் காட்டினார். இன்று அமெரிக்கச் சட்ட மாணவர்கள் படிக்கும் ‘நான்கு சுதந்திரங்கள்’ கேப்டவுனிலிருந்து போனவை.

பேராசிரியர்களும் மாணவர்களும் அங்கி அணிந்து ஜோகன்னஸ்பர்க், கேப்டவுன் வீதிகளில் ஊர்வலம் போனார்கள். அரசு அசையவில்லை. 1959இல் பல்கலைக்கழகக் கல்வி விரிவாக்கச் சட்டம் நிறைவேறியது. பெயர்தான் விரிவாக்கம். அமைச்சரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வெள்ளையரல்லாத ஒருவர் திறந்த பல்கலைக்கழகத்தில் சேர்வதை அது குற்றமாக்கியது. கறுப்பின மக்களுக்கு இனக்குழு வாரியாகத் தனித்தனிக் கல்லூரிகள் வந்தன. நலமான வார்த்தைகளைப் போர்த்திக்கொண்டு வரும் சட்டங்களை நாம் அறிவோம்.

திறந்த கதவுக்குள் பூட்டிய அறைகள்

இந்த எதிர்ப்பு ஏன் தோற்றது? அரசின் பலம் ஒரு காரணம். ஸ்டெல்லன்போஷ், பிரிட்டோரியா போன்ற ஆஃப்ரிகான்ஸ் மொழிப் பல்கலைக்கழகங்கள் அரசின் பக்கம் நின்றது இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் திறந்த பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே இருந்தது. அவற்றில் ஆப்பிரிக்க மாணவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். வகுப்பறை பொது. விடுதி, விளையாட்டு, நடன அரங்கு ஆகியவை பொது அல்ல. கேப்டவுன் மருத்துவக் கல்லூரியில் வெள்ளையரின் பிரேதப் பரிசோதனையின்போது கறுப்பின மாணவர்கள் உடனிருக்க அனுமதி இல்லை. செத்த உடலுக்கும் நிறத் தீட்டு உண்டு என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சுதந்திரத்தைக் காக்கக் கூடியவர்கள் தம் நிறுவனத்தின் உரிமையைத்தான் காக்கக் கூடினார்கள். யாருடைய சேர்க்கை மறுக்கப்பட இருந்ததோ அவர்கள் அந்த மேசையில் இல்லை.

கறுப்பின மாணவர்களின் பழைய கல்விக்கூடமான ஃபோர்ட் ஹேருக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 1916இல் தொடங்கிய அந்தக் கல்லூரியில்தான் மண்டேலா, ஆலிவர் டாம்போ, ராபர்ட் சொபுக்வே படித்தார்கள். 1959இல் தனிச் சட்டம் போட்டு அரசு அதைக் கையகப்படுத்தியது. ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆனார்கள். அரசை வெளியில் விமர்சிப்பது ஒழுங்கீனம் ஆனது. வேண்டாதவர்கள் நீக்கப்பட்டார்கள். ஓய்வுபெறச் சில ஆண்டுகளே இருந்த பேராசிரியர் இசட்.கே. மேத்யூஸ், ஓய்வூதியப் பலன்களை இழந்தாலும் பரவாயில்லை என்று பதவி விலகினார். கேப்டவுன் ஊர்வலத்தை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. மேத்யூஸ் கொடுத்த விலையையும் அதே வரிசையில் வைத்துப் படிக்க வேண்டும்.

1968இல் சோதனை மறுபடி வந்தது. ஆர்ச்சி மஃபேஜே என்ற கறுப்பின மானுடவியலாளரைக் கேப்டவுன் பல்கலைக்கழகம் விரிவுரையாளராகத் தேர்ந்தெடுத்தது. 1959 சட்டம் மாணவர் சேர்க்கையைத்தான் தடுத்தது, ஆசிரியர் நியமனத்தை அல்ல. கல்வி அமைச்சர் யான் டி கிளர்க் மிரட்டினார். பல்கலைக்கழகம் நியமனத்தை ரத்துசெய்தது. கல்விச் சுதந்திரத்துக்கு ஆண்டுதோறும் சொற்பொழிவு நடத்திய அதே பல்கலைக்கழகம்! மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்துக்குள் புகுந்து ஒன்பது நாள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினார்கள். மஃபேஜே நாட்டுக்கு வெளியே பெரும் அறிஞரானார். 2007இல் அவர் மறைந்தார். பல்கலைக்கழகம் அவர் குடும்பத்திடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2008இல்தான்.

ஒதுக்குக் கல்லூரிகளிலிருந்து எழுந்த குரல்

அடிமைகளை உருவாக்கக் கட்டிய கல்லூரிகளே ஆட்சிக்கு எதிரான பாசறைகள் ஆயின. 1967இல் கிரஹாம்ஸ்டவுனில் தேசிய மாணவர் சங்க மாநாடு நடந்தபோது, கறுப்பினப் பிரதிநிதிகளுக்கு வளாகத்தில் தங்க இடம் மறுக்கப்பட்டது. அந்த மாநாட்டில் இருந்த ஸ்டீவ் பிகோ, வெள்ளைத் தாராளவாதிகள் நமக்காகப் பேசுவது போதும் என்ற முடிவுக்கு வந்தார். 1969இல் டர்ஃப்லூப் கல்லூரியில் கறுப்பின மாணவர்களின் தனி அமைப்பு பிறந்தது. முதல் தலைவர் பிகோ. 1972இல் அதே டர்ஃப்லூப் பட்டமளிப்பு விழாவில், கறுப்பினப் பெற்றோருக்கு இடமில்லாமல் வெள்ளையருக்கு முன்வரிசை போட்டதை மேடையிலேயே கேட்ட டிரோ என்ற மாணவர் நீக்கப்பட்டார். கல்லூரிக்குக் கல்லூரி போராட்டம் பரவியது. 1974இல் பொட்ஸ்வானாவில் பார்சல் குண்டு வெடித்து டிரோ கொல்லப்பட்டார்.

இந்த வரலாற்றில் நம் தொப்புள்கொடியும் உண்டு. கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேற்றப்பட்ட கூலிகளின் வாரிசுகளுக்கென்று 1961இல் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில், கடற்படை விட்டுச்சென்ற கட்டடங்களில் இந்தியர் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கே படித்த ஸ்ட்ரினி மூட்லியும் சாத்ஸ் கூப்பரும் தம்மை இந்தியர் என்று பிரித்துச் சொல்லாமல் கறுப்பர் என்றே சொல்லிக்கொண்டு பிகோவோடு நின்றார்கள். ராபன் தீவுச் சிறைக்கும் போனார்கள்.

மேற்குக் கேப் பல்கலைக்கழகம் ‘கலப்பினத்தவர்’ என்று அரசு முத்திரை குத்திய மக்களுக்காக இதே சட்டத்தால் உருவாக்கப்பட்டது. 1980களில் அது இனவாரிச் சேர்க்கையை நிராகரித்து எல்லோருக்கும் கதவைத் திறந்தது. 1987இல் கல்வி அமைச்சராக இருந்தவர் எஃப்.டபிள்யூ. டி கிளர்க், அந்த யான் டி கிளர்க்கின் மகன். வளாகப் போராட்டங்களைப் பல்கலைக்கழகங்களே அடக்க வேண்டும், இல்லையென்றால் மானியம் குறையும் என்று அவர் விதி போட்டார். பல்கலைக்கழகத்தையே போலீஸ் ஆக்கும் விதி இது. கேப்டவுனும் மேற்குக் கேப்பும் சேர்ந்து நீதிமன்றம் போயின. 1988இல் விதி செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

இரண்டு ஒற்றுமைகளையும் அருகருகே வையுங்கள். 1957இல் சேர்ந்தவை இரண்டு மேட்டுக்குடி நிறுவனங்கள். 1987இல் பழைய பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் ஒதுக்குக் கல்லூரியும் மனுதாரராக நின்றது. அதற்குள் தெருவும் வளாகமும் கொதித்துக்கொண்டிருந்தன. வென்றது இரண்டாவது ஒற்றுமை.

நமக்கான பாடம்

நான்காவது உரிமை இருபக்கமும் கூரான கத்தி. ‘யாருக்குக் கற்பிப்பது என்று நாங்களே முடிவுசெய்வோம்’ என்பதைக் கதவைத் திறக்கவும் சொல்லலாம், அடைக்கவும் சொல்லலாம். நம் நாட்டில் 2005இல் இனாம்தார் வழக்கில், அரசு உதவி பெறாத தனியார் கல்லூரிகளில் இடஒதுக்கீட்டை அரசு திணிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே தன்னாட்சி அடைப்பதற்குப் பயன்பட்டது. அதை மாற்ற 93ஆவது அரசியல் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. 2015இல் சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் வாசிப்பு வட்டத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டபோது, ஒரு மொட்டைக் கடிதத்தை தில்லி அமைச்சகம் அனுப்பியதுதான் தொடக்கம். அங்கே தன்னாட்சி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. மாணவர் எதிர்ப்புக்குப் பிறகே அங்கீகாரம் திரும்பியது.

ஆகவே, பல்கலைக்கழகங்கள் அரசியல் தலையீட்டுக்கு எதிராக ஒன்றுசேரும்போது நாம் விலகி நிற்கக் கூடாது. துணைவேந்தர் நியமனத்திலும் பாடத்திட்டத்திலும் கை வைப்பவர்கள் முதலில் வெட்டுவது நம் பாடங்களையும் நம் உதவித்தொகைகளையும்தான். ஆனால் கூட்டறிக்கையில் கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகளை நாம் கேட்க வேண்டும். அந்த மேசையில் நம் மாணவர்கள் இருக்கிறார்களா? காலியாகக் கிடக்கும் ஒதுக்கீட்டு ஆசிரியர் பணியிடங்கள் கோரிக்கைகளில் உண்டா? விடுதியிலும் ஆய்வகத்திலும் நடக்கும் சாதிக் கொடுமையை விசாரிக்கும் ஏற்பாடு உண்டா?

இவை பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கக்கூடிய கேள்விகள் அல்ல. 1957இல் அப்படி ஒதுக்கியவர்களுக்கு 1968இல் மஃபேஜேவைக் காக்கும் துணிவு இல்லாமல் போனது. தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியல் சட்டம் கல்விச் சுதந்திரத்தைப் பெயர் சொல்லி உரிமையாக எழுதிவைத்திருக்கிறது. அதை எழுதவைத்ததில் அங்கி அணிந்து ஊர்வலம் போனவர்களுக்குப் பங்குண்டு. மேத்யூஸுக்கும் டிரோவுக்கும் சாலிஸ்பரி தீவின் மாணவர்களுக்கும் அதைவிடப் பெரிய பங்குண்டு.