அமானும் கடவுச்சீட்டும்

ஏழாம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் பல்லவர் தலைநகராகிய நம் காஞ்சிக்கு வந்தார். இங்கிருந்து கடல் கடந்து சிங்களத் தீவுக்குச் செல்ல வேண்டும் என்பது அவர் நோக்கம். ஆனால், அத்தீவிலிருந்து வந்து சேர்ந்திருந்த புத்த பிக்குகள் ஏறக்குறைய 300 பேரை அவர் காஞ்சியில் சந்தித்தார். அரசர் மறைந்தார், நாட்டில் பஞ்சமும் குழப்பமும் மிகுந்துள்ளன என்று அவர்கள் சொல்லக் கேட்டுத் தம் பயணத்தைக் கைவிட்டார். அதே நூற்றாண்டில் அரசுரிமை இழந்த இலங்கை இளவரசன் மானவர்மன், முதலாம் நரசிம்மவர்மப் பல்லவனிடம் அடைக்கலம் புகுந்து அவனது படைத்துணையையும் பெற்றான்.

காஞ்சிக்கும் அத்தீவுக்கும் இடையே இருந்த போக்குவரத்து இத்தகையது. இன்றோ காஞ்சிப் பட்டைக் கொழும்பிலுள்ள உறவினர் வீட்டுத் திருமணத்திற்குக் கொண்டு செல்பவர், கடவுச்சீட்டு இன்றி அங்கே கால் வைக்க இயலாது. இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தது என்ன என்பதை நாம் சற்றே ஆராய்வோம்.

அந்நியன் ஒருவன் பிறர் நாட்டில் நுழைய இசைவு வேண்டும் என்பது புதிய கருத்தன்று. இஸ்லாமியச் சட்ட நூல்கள் அதற்கு இட்ட பெயர் ‘அமான்’. அச்சமின்மை, பாதுகாப்பு என்பது அதன் பொருள். அமான் பெற்று நுழைபவர் ‘முஸ்தஃமின்’ எனப்படுவார். அவருடைய உயிருக்கும் உடைமைக்கும் அந்நாட்டவர் பொறுப்பாவர். ஹனஃபீ சட்ட நூல்கள் அவர் தங்கும் காலத்தை ஓராண்டுக்குள் வரையறுக்கின்றன. அமான் அளிக்கும் உரிமை ஆட்சியாளருக்கு மட்டும் உரியதன்று. மக்கா வெற்றியின்போது உம்மு ஹானீ (ரலி) என்னும் பெண்மணி இருவருக்கு அளித்த அடைக்கலத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அப்படியே ஏற்று உறுதி செய்தார்கள்.

இந்த அமான் இலங்கைக் கரையில் எவ்வாறு நிறைவேறிற்று என்பதற்கு இப்னு பதூதாவின் பயண நூல் சான்றாகும். 1344ஆம் ஆண்டு மாலத்தீவிலிருந்து மஅபர் நோக்கிப் புறப்பட்ட அவரது மரக்கலம், காற்றின் போக்கால் ஸரந்தீபை அடைந்தது. அது ஆரியச் சக்கரவர்த்தியின் கரை. அவருடைய கடற்படைக்கு மாலுமிகள் அஞ்சினர். “என்னைக் கரையில் இறக்குங்கள், மன்னரிடம் அமான் பெற்றுத் தருகிறேன்” என்ற பொருளில் பேசி இறங்கினார் இப்னு பதூதா. அவர் மதுரைச் சுல்தானின் உறவினர், மன்னரோ அச்சுல்தானின் நண்பர். அதனால் நல்வரவு கிடைத்தது. தமது ஆசை பாவா ஆதம் மலையைக் காண்பது ஒன்றே என்று அவர் கூறியபோது, மன்னர் பல்லக்கு ஒன்றைக் கொடுத்தார். நான்கு யோகிகள், மூன்று பிராமணர், தம் பரிவாரத்தினர் பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் ஆகியோரை உடன் அனுப்பினார். இந்து மன்னர் ஒருவர் முஸ்லிம் யாத்திரிகருக்கு அளித்த நுழைவிசைவு இதுவே. வந்தவர் அஞ்ச வேண்டாம் என்பதே அதன் உட்பொருள்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்நோக்கம் மாறத் தொடங்கிற்று. திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற ஏழைத் தொழிலாளிக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரத் துண்டு ஒன்று வழங்கப்பட்டது. அதில் பொறித்திருந்த எண், அவர் எந்தத் தோட்டத்திற்கு உரியவர் என்பதைக் காட்டியது. மண்டபம் முகாமில் சில நாட்கள் நோய்த்தடுப்புக் காவலில் இருந்த பின்னரே அவர் கடல் கடந்தார். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. அதன் பின் காஞ்சி வணிகர் செங்கற்பட்டில் ரயிலேறித் தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறினால் போதும், கொழும்பை அடைந்துவிடலாம். காயல்பட்டினம், கீழக்கரை ஊர்களைச் சேர்ந்த நம்மவர்க்குக் கொழும்புப் புறக்கோட்டை மற்றொரு சொந்த ஊராகவே இருந்தது. 1909இல் கட்டி முடிக்கப்பட்ட செந்நிறப் பள்ளிவாசல் அவர்களின் உழைப்பை இன்றும் நினைவூட்டுகிறது.

சுதந்திரம் பெற்ற இலங்கை 1948இல் குடியுரிமைச் சட்டத்தையும், குடிவரவு குடியகல்வுச் சட்டத்தையும் இயற்றியது. பின்னது 1949 நவம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அன்றுமுதல் இந்தியர் அங்கே அந்நியர். கடை வைத்திருந்தோர் தற்காலிக வதிவிட அனுமதிக்கு மனுச் செய்து காத்திருந்தனர். அனுமதி புதுப்பிக்கப்படாதபோது மூட்டை கட்டினர். ஆவணமின்றிப் படகில் சென்றோர் ‘கள்ளத்தோணி’ எனப்பட்டனர். நாளடைவில் அங்கேயே பிறந்த மலையகத் தமிழரையும் அப்பழிச்சொல் சுட்டது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு உரியவர்கள் எனக் கணக்கிட்டது. பலர் கைக்கு முதன்முதலில் வந்த கடவுச்சீட்டு, பிறந்த மண்ணை விட்டுப் போவதற்கான சீட்டாக இருந்தது!

அதே ஆண்டு டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களின் போரில் நின்றது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் தொடங்கியபோது, அதிலேறவும் கடவுச்சீட்டு வேண்டியிருந்தது. 2012 முதல் மின்னணு முறையில் முன் அனுமதி பெறும் வழக்கமும் வந்துள்ளது. வருபவர் திரும்பிச் செல்லும் பயணச்சீட்டையும், செலவுக்குரிய பணத்தையும் காட்டும்படி கேட்கப்படலாம். அவர் திரும்பிப் போய்விடுவாரா என்பதே இன்றைய ஆவணங்கள் எழுப்பும் முதல் கேள்வி.

இக்கடலில் விதிவிலக்கு ஒன்று உண்டு. கச்சத்தீவு இலங்கைக்குரியதென ஏற்ற 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் அங்கே செல்ல இலங்கையின் பயண ஆவணமோ விசாவோ பெற வேண்டியதில்லை என்கிறது. பாவா ஆதம் மலைக்குச் சென்றவருக்கு மன்னர் காட்டிய பெருந்தன்மையின் சாயலை அவ்வரிகளில் காண்கிறோம்.

நாடுகள் எல்லை காப்பதை நாம் குறை கூறவில்லை. அயலாரைக் குறை கூறுமுன் நம் வாசலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1983க்குப் பின் கடவுச்சீட்டு ஏதுமின்றித் தோணிகளில் வந்து மண்டபத்தில் இறங்கிய அகதிகளுக்குத் தமிழ்நாடு இடம் கொடுத்தது. ஆயினும், முகாம்களிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பலர் இன்னும் குடியுரிமை பெறவில்லை. அமான் என்பது உயிர் காப்பதோடு முடிவதன்று. அஞ்சாமல் வாழச் செய்வதே அதன் நிறைவு. பஞ்சத்திற்குத் தப்பி வந்த 300 பேரையும் நாடிழந்த இளவரசனையும் ஏற்ற காஞ்சியின் மக்கள் இதை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.