மூன்றாம் நிரல் நிரம்புமுன்: புயோ புயோ விளையாட்டின் வரலாறு



சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்து பங்கு மண்டபத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளை, மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் இருவர் ஒரு மூலையில் அமர்ந்து சிறிய திரையொன்றில் விளையாடிக்கொண்டிருந்தனர். கண்கள் வைத்த வண்ணக் கூழ் உருண்டைகள் மேலிருந்து இரண்டிரண்டாக விழுந்தன. அருகில் நின்ற தந்தை ஒருவர், "நேரத்தை வீணாக்கவெண்டே செய்த சாமான், சுவாமி" என்று சலித்துக்கொண்டார். மகனோ தலை நிமிராமல், "இதை ஆர் செய்தது எண்டு தெரியுமோ சுவாமி?" என்று கேட்டான். தெரியாது என்றேன். தெரியாததைத் தேடிப் படிப்பது குருமட நாள்களில் என்னைத் தொற்றிக்கொண்ட பழக்கம். இவ்வாரம் படித்தறிந்ததை இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்கே இதில் பாடம் மிகுதி என்பது என் எண்ணம்.

விளையாட்டின் பெயர் புயோ புயோ. பிறந்த ஊர் ஹிரோஷிமா. அவ்வூரின் பெயரைக் கேட்டதும் 1945 ஆகஸ்ட் 6ஆம் நாளே நம் நெஞ்சில் எழும். சாம்பலிலிருந்து மீண்டெழுந்த அந்நகரில், 1982இல் மசமிட்சு நீட்டானி என்பவர் கம்பைல் என்ற சிறு மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். சனாக், அலெஸ்டே முதலிய விண்கலப் போர் விளையாட்டுகளால் அது பெயர் பெற்றது. 1990இல் வீட்டுக் கணினிகளுக்காக 'மாடோ மோனொகத்தாரி' என்ற மாயக்கதை விளையாட்டை வெளியிட்டது. ஆர்ல் என்னும் சிறுமி இருண்ட சுரங்கங்களில் அரக்கர்களை எதிர்கொள்ளும் கதை அது. அவ்வரக்கர்களுள் மிக எளியது, தளதளவென்று அசையும் ஒரு கூழ் உருண்டை. அதன் பெயர் புயோ. மென்மையாய்த் தளும்புவதைக் குறிக்கும் ஜப்பானிய ஒலிக்குறிப்புச் சொல்லே அது.

அக்காலத்தில் உலகமே டெட்ரிஸில் மூழ்கியிருந்தது. 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய அவ்விளையாட்டு, 1989இல் கேம்பாய் கருவியோடு ஜப்பானின் வீடுதோறும் புகுந்தது. மறுஆண்டு நிண்டெண்டோவின் 'டாக்டர் மாரியோ' வந்தது. அதில் ஒரே நிறமான நான்கு ஒரு வரிசையில் சேர்ந்தால் மறைந்துவிடும். இவற்றின் வழியிலேயே கம்பைல் நிறுவனத்தின் கசுனாரி யோனெமிட்சுவும் தோழர்களும் புதியதொன்றை வகுத்தனர். மாயக்கதையின் கடைநிலை உயிரான கூழ் உருண்டையையே அதற்கு நாயகனாக்கினர். 1991 அக்டோபர் 25 அன்று முதற் புயோ புயோ வெளிவந்தது.

விதி எளிது. ஆறு நிரல், பன்னிரண்டு நிரை கொண்ட கட்டம். இரண்டிரண்டாய் விழும் உருண்டைகளைத் திருப்பி அடுக்க வேண்டும். ஒரே நிறமான நான்கு, எந்த வடிவிலேனும் ஒன்றையொன்று தொட்டால் மறையும். மேலிருந்தவை கீழே இறங்கும். இறங்கியவை மீண்டும் நான்காய்ச் சேர்ந்தால் அவையும் மறையும். இத்தொடரே சங்கிலி. இடமிருந்து மூன்றாம் நிரல் உச்சிவரை நிரம்பிவிட்டால் ஆட்டம் முடிந்தது. மற்ற நிரல்களில் எவ்வளவு இடம் மீந்திருந்தாலும் பயனில்லை.

1992இல் சேகா நிறுவனத்தோடு இணைந்து, காசு போட்டு ஆடும் இயந்திரமாக இது வெளிவந்தது. அப்போது இதன் உயிர்நாடி இருவர் எதிரெதிரே ஆடும் போட்டியாயிற்று. நாம் உருவாக்கும் சங்கிலியின் அளவுக்கேற்ப எதிராளியின் கட்டத்தில் நிறமற்ற இடையூற்று உருண்டைகள் விழும். கணக்கைக் கேளுங்கள். நான்கு உருண்டைகளை ஒரு முறை மட்டும் மறைத்தால் எதிராளிக்கு ஒன்றுகூடப் போகாது. இரண்டு கண்ணிச் சங்கிலி ஏறத்தாழ ஐந்து இடையூறுகளை அனுப்பும். மூன்று கண்ணி பதினான்கை. நான்கு கண்ணி முப்பத்திரண்டை. ஐந்து கண்ணியோ எழுபதை நெருங்கும். கட்டத்தில் உள்ள இடமே எழுபத்திரண்டுதான். எனவே உடனுக்குடன் மறைத்துச் சிறு மகிழ்ச்சி காண்பவன் தோற்பான். பொறுத்து, திட்டமிட்டு, உயர அடுக்குபவன் வெல்வான். ஆனால் அடுக்க அடுக்க மூன்றாம் நிரலின் உச்சியும் நெருங்கும். எப்போது நிறுத்தி, அடுக்கியதைத் தீர்ப்பது என்பதே இவ்விளையாட்டின் முழு அறிவு.

முதற் பாகத்தில் ஒரு குறை இருந்தது. எதிராளி பெருஞ்சங்கிலியை முந்திவிட்டால் நமக்கு மறுமொழியே இல்லை. 1994இல் வந்த இரண்டாம் பாகமான 'புயோ புயோ சூ' இதைத் திருத்தியது. நம்மீது விழவிருக்கும் இடையூறுகளை, அவை விழுமுன் நாம் உருவாக்கும் சங்கிலியால் கழித்துவிடலாம். மிஞ்சியது எதிராளிக்கே திரும்பும். இந்த ஒரு விதியால் ஆட்டத்தின் இயல்பே மாறிற்று. முந்துபவன் வென்ற இடத்தில், காத்திருந்து விடையளிப்பவனும் வெல்லலானான். இன்றளவும் தேர்ந்த ஆட்டக்காரர் பலர் போட்டியிடுவது இந்த விதிகளின்படியே.

கடல் கடந்தபோது இவ்விளையாட்டு தன் முகத்தோடு செல்லவில்லை. 1993இல் மேலைநாடுகளில் சேகா இதனைச் சோனிக் கதையின் வில்லனான டாக்டர் ரொபோட்னிக்கின் பெயரில் விற்றது. 1995இல் வட அமெரிக்காவில் நிண்டெண்டோவின் கிர்பி இதன் முகமானான். விதிகள் அவையே, ஆர்லும் அவள் தோழர்களும் மட்டும் காணாமற் போயினர். மேலைநாட்டுப் பிள்ளைகள் பலர், தாம் ஆடுவது ஹிரோஷிமாவின் விளையாட்டு என்று அறியாமலேயே வளர்ந்தனர்.

தாயகத்திலோ வெற்றி பெருவெள்ளமாய் வந்தது. உருண்டை முகம் பதித்த 'புயோமான்' என்ற இனிப்புப் பண்டம்கூட ஹிரோஷிமாவில் விற்பனையாயிற்று. கம்பைல் ஆட்களை மேன்மேலும் சேர்த்தது. அலுவலகங்களுக்கான மென்பொருளில் பெரும்பணம் இறக்கியது. தன் மாயக்கதை உலகையே ஒரு கேளிக்கைப் பூங்காவாகக் கட்டவும் திட்டமிட்டது. ஒரே வெற்றியின்மீது அடுக்குமேல் அடுக்கு ஏறிற்று. அவற்றைத் தீர்க்கும் சங்கிலி மட்டும் தொடங்கவேயில்லை. 1998இல் கடன் கொடுத்தோரோடு இணக்கம் காண நிறுவனம் நீதிமன்றத்தை நாடியது. புயோ புயோவின் உரிமை சேகாவுக்குக் கைமாறியது. சில ஆண்டுகள் தள்ளாடிய கம்பைல் 2003இல் முற்றிலும் வீழ்ந்தது. அதே ஆண்டில் சேகா, கம்பைலின் துணையின்றித் தானே உருவாக்கிய 'புயோ புயோ ஃபீவர்' வெளிவந்தது.

இவ்விடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திச் சற்றுநேரம் அமர்ந்திருந்தேன். மூன்றாம் நிரல் நிரம்புமுன் தீர்த்துவிடு என்று இலட்சக்கணக்கானோருக்குக் கற்பித்த வீடு, தன் நிரலைக் கவனிக்கத் தவறியது. அவர்களை அறிவிலிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திரையில் உயரம் கண்ணுக்குத் தெரிகிறது. வாழ்வில் கடனின் உயரம் அப்படித் தெரிவதில்லை. ஒவ்வொரு புதுத் திட்டமும், அதைத் தொடங்கிய நாளில், அடுத்த கண்ணியாகவே அவர்களுக்குத் தோன்றியிருக்கும்.

ஆயினும் படைப்பு அழியவில்லை. 2014இல் ஜப்பானில் டெட்ரிஸோடு இணைந்து 'புயோ புயோ டெட்ரிஸ்' வந்தது. 2017இல் அது மேலைநாடுகளுக்கும் சென்றது, இம்முறை தன் சொந்தப் பெயரோடும், தன் சொந்த முகங்களோடும். 2018இல் ஜப்பான் மின்விளையாட்டுச் சங்கம் தொழில்முறை உரிமம் வழங்கும் விளையாட்டுகளுள் புயோ புயோவும் ஒன்றாயிற்று. 2020இல், மாணவர் இவ்விளையாட்டின் நிரலாக்க வரிகளைத் தாமே தட்டச்சிட்டு இயக்கிப் பார்க்கும் பாடப்பொருளைச் சேகா வெளியிட்டது. நேரத்தை வீணாக்கும் சாமான் என்று சலித்துக்கொண்ட தந்தைக்கு இச்செய்தி. நீட்டானியும் ஓய்ந்துவிடவில்லை. 2016இல் 'கம்பைல் மாரு' என்ற சிறு நிறுவனத்தை அமைத்து, மீண்டும் ஒரு புதிர் விளையாட்டோடு வந்தார். தன் பெயர்பெற்ற பிள்ளை பிறர் வீட்டில் வளர்வதைக் கண்டுகொண்டே, எல்லாவற்றையும் இழந்த மனிதர் முதற் கட்டத்திலிருந்து மறுபடி அடுக்கத் தொடங்கியதை நான் வியப்போடு வாசித்தேன்.

தம்பி, நீ கேட்ட கேள்விக்கு விடை இதுவே. ஹிரோஷிமாவில் சிலர் செய்தார்கள். அது அவர்கள் கையைவிட்டுப் போயிற்று. ஆனாலும் உன் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பெரியவர்களுக்கு ஒரு சொல். ஒரு கடை நன்றாக ஓடுவது கண்டு, அடுத்த கடைக்குக் கடன் எடுத்து, அதை மந்திரிக்க என்னை அழைப்போர் நம் பங்கில் உண்டு. மகிழ்ச்சியோடு வருவேன், மந்திரிப்பேன். ஆனால் இனிமேல் தீர்த்தம் தெளிக்குமுன் ஒரு கேள்வி கேட்பேன்: மூன்றாம் நிரலில் இன்னும் எத்தனை இடம் மீதி இருக்கிறது?

இறையாசி என்றும் உங்களோடு,
உங்கள் பங்குத்தந்தை